கிச்சாப்புக்குக் காய்ச்சல்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எலும்போடு பிசைந்து வைத்த கோழிக்கறிச் சோற்றைக் கிச்சாப் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. பின்வாசலில் துணி துவைக்கிற சிமெண்டுத் தரையில், ஈரம் பட்ட இடமாகப் பார்த்து வயிற்றை ஒட்டிக்கொண்டு கிடந்தது. பவானேஸ்வரி தட்டை அதன் மூக்குக்குக் கீழேயே தள்ளிவைத்தாள். அது கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துவிட்டு மறுபடியும் மூடிக்கொண்டது.

"வெயிலு. மனுசனுக்கே சோறு இறங்கல, அதுக்கு எங்க இறங்கும்?" என்றான் காளிமுத்து. அவன் தட்டிலும் பாதிச் சோறு அப்படியே இருந்தது. அதை அவள் அப்போது கவனிக்கவில்லை.

கிச்சாப் என்று பெயர் வைத்தவள் அவர்கள் மகள் அனுசியா. லோரிப் பட்டறையில் டயருக்குள் கிடந்த குட்டியைக் காளிமுத்து சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தபோது அவளுக்கு நாலு வயது. கறுகறுவென்று, சோயா கிச்சாப் போத்தலைத் தலையில் கவிழ்த்த மாதிரி இருக்கிறதே என்றாள். மூன்று வருடமாக அது காளிமுத்துவின் லோரியில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஊர் ஊராகப் போய்வந்துகொண்டிருந்தது. கண்ணாடியை இறக்கிவிட்டால் தலையை வெளியே நீட்டிக்கொள்ளும்.

ஒன்பதாங்கட்டைத் தோட்டம் அலோர் காஜா டவுனிலிருந்து மோட்டோர் சைக்கிளில் இருபது நிமிடம். ரப்பரை அழித்து எண்ணெய்க்கான செம்பனை வைத்து வெகுகாலம் ஆகிவிட்டது. பழைய லயத்தில் ஒரே வரிசையாக ஆறு வீடுகள்; நாலில்தான் ஆள். பவானேஸ்வரி இருந்த வீடு தோட்டத்தில் வேலை செய்த அவள் அப்பா பேரில் கொடுத்தது. அப்பா இறந்து இரண்டு வருடம். வீட்டில் தோட்ட வேலைக்குப் போகிறவர் ஒருவரும் இல்லை. அவள் அலோர் காஜாவில் ஒரு கார் இன்சூரன்ஸ் ஆபிசில் எழுத்து வேலை பார்க்கிற கிராணி, அவன் வெளி முதலாளியிடம் லோரி ஓட்டுகிறவன். தோட்டத்து மானேஜர் கண்டும் காணாமல் விட்டிருந்தார். யாராவது தோட்ட ஆபிசில் போய் ஒரு வார்த்தை சொன்னால், ஒரு மாதத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான்.

அது தொண்ணூற்று ஒன்பதாம் வருடம் மார்ச் மாதம். பக்கத்து மாநிலத்தில் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் காய்ச்சலில் விழுந்து செத்துக்கொண்டிருந்தார்கள். முதலில் கொசு என்றார்கள். பிறகு பன்றியிலிருந்தே நேராக வருகிறது என்றார்கள். பட்டாளம் இறங்கிப் பன்றிகளைச் சுட்டுப் புதைப்பதை டிவியில் காட்டினார்கள். நாய்க்கும் அந்த நோய் வரும் என்ற பேச்சு அந்த வாரம்தான் லயம் வரைக்கும் வந்து சேர்ந்திருந்தது.

காளிமுத்து அந்தப் பண்ணைகளுக்குத்தான் தீவன மூட்டை ஏற்றிக்கொண்டு போனான். செய்தி பெரிதாக ஆனதும் லயத்தில் எல்லாரிடமும், ஜனவரியிலேயே மணல் லோரிக்கு மாறிவிட்டதாகச் சொல்லிவைத்தான். உண்மையில் இரண்டு வாரத்துக்கு முன்புவரை பண்ணைகளுக்குப் போய் மூட்டை இறக்கினான். பண்ணைகளை மூடிய பிறகுதான் வீட்டில் இருந்தான். லோரி ரிப்பேர் என்று பேர். இது பவானேஸ்வரிக்கு மட்டும் தெரியும். நாயும் கூடப் போனது.

திங்கட்கிழமை அவள் வேலை முடிந்து வந்தபோது கிச்சாப் அதே இடத்தில் கிடந்தது. காது நெருப்பாகச் சுட்டது.

"நாளைக்கு லீவு போடுறேங்க. அலோர் காஜாவுல கவர்மெண்டு மாட்டாஸ்பத்திரி இருக்குல்ல, கொண்டுபோயிருவம்."

"கொண்டுபோயி?"

"பாத்து ஊசி போடுவாங்க."

"ஊசியா போடுவான்?" காளிமுத்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். "மொதல்ல பேரு கேப்பான். ஐசி கார்டு நம்பரு, அட்ரசு. அப்புறம் நாய் எங்கெங்க போச்சும்பான். நீங்க என்ன வேலைம்பான்."

"மணல் லோரின்னு சொல்லுங்க."

"யாரு லோரி, என்ன நம்பருன்னு கேட்டா? இப்ப இருக்கற இருப்புல ஒரு போன் போட்டா போதும். நாயத் தூக்கிட்டுப் போயிருவான். அதோட விட்டுருவானா? நம்மளயும்தான் புடிச்சி வப்பான். லயமே தெரிஞ்சிரும். அப்புறம் இந்த வீட்டுல இருந்துருவியா நீ?"

அவள் கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தாள். அனுசியா உள்ளே பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒங்க ஆபிஸ் கம்பியூட்டர்ல இண்டர்நெட் வந்துருக்குன்னு சொன்னியே. அதுல கேட்டா சொல்லுவாங்களா?"

"நாய் வளக்கறவங்க பேசிக்கிற பக்கம் ஒண்ணு இருக்கு. வெள்ளக்காரங்க எழுதுவாங்க."

"அது பேரு கேக்குமா?"

"எந்தப் பேர வேணா போட்டுக்கலாம்."

"அப்ப அதுலயே கேளு லா," என்று கண்ணை மூடிக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் முதலாளி மிஸ்டர் லிம் சாப்பிடப் போன நேரம் பார்த்து அவள் போன் ஒயரைக் கம்பியூட்டரில் மாட்டினாள். அது கீச்சிட்டுக் கூவி இணைப்பு விழுவதற்குள் டப்பாவில் இருந்த நெத்திலி சம்பல் சோறு ஆறிப்போனது. ஆங்கிலத்தில் கடிதம் அடிப்பது அவளுக்குத் தினசரி வேலை. மூன்று வயது நாய், கலப்பினம், மூன்று நாளாகச் சாப்பிடவில்லை, உடம்பு சுடுகிறது, நடந்தால் பின்னங்கால் தள்ளாடுகிறது, என்ன செய்யலாம் என்று எழுதினாள். பேர் இருக்கிற இடத்தில் 'அனு' என்று போட்டாள். ஊர் இருக்கிற இடத்தை வெற்றாக விட்டாள்.

புதன்கிழமை காலையில் நாலு பதில் வந்திருந்தது. ஒருத்தி, கோழியை உப்பில்லாமல் வேகவைத்துச் சோற்றோடு கொடு, ஒரு நாள் பொறுத்துப் பார் என்றாள். ஒருவன் தன் நாய்க்கும் இப்படித்தான் இருந்தது, தானாகவே சரியாகிவிட்டது என்றான். மூன்றாவது ஆள், வீட்டுப் பக்கம் எலி மருந்து வைக்கிறார்களா பார், மூக்கிலோ ஈறிலோ ரத்தம் வந்தால் அதுதான் என்று எழுதியிருந்தான். நாலாவது பதில் ஆஸ்திரேலியாவிலிருந்து. தான் மிருக டாக்டர் என்று சொல்லிக்கொண்டு அந்த அம்மாள் கேள்வியாகவே கேட்டிருந்தாள். ஈறு என்ன நிறம்? உண்ணி இருக்கிறதா? வேறு மிருகங்களோடு பழகியதா? எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள்?

பவானேஸ்வரி 'மலேசியா' என்று அடித்தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழித்தாள். வெப்பமான நாடு, வேறு மிருகங்களோடு பழக்கம் இல்லை என்று எழுதி அனுப்பினாள். ஒயரைக் கழற்றிப் பழையபடி போனில் மாட்டினாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது கிச்சாப்பின் மூக்கில் ரத்தம் காய்ந்திருந்தது.

அவளுக்கு மூன்றாவது பதில்தான் நினைவுக்கு வந்தது. செம்பனைக் காட்டில் எலி மருந்து வைப்பது வழக்கம். பக்கத்து வீட்டுக் குஞ்சம்மா அந்த வேலைக்குப் போகிறவள். மருந்து வைக்காத நாட்களில் உதிரிப் பழம் பொறுக்குவாள். குஞ்சம்மா அப்போதுதான் காட்டிலிருந்து வந்து, பூட்சைக் கழற்றிக் காலைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எலி மருந்து எதும் வீட்டுக்குக் கொண்டாந்தீங்களா?"

"எதுக்குடி கேக்குற?"

"இல்ல, நாய்க்கு மூக்குல ரத்தம் வருது. மருந்தத் தின்னா அப்படி வரும்னு சொல்றாங்க."

"யாரு சொல்றா?"

குஞ்சம்மா வாளியைக் கீழே வைத்தாள்.

"ஒன் நாய்க்கு நான் மருந்து வச்சிட்டேங்கிற. அப்படித்தான?"

"அப்படிச் சொல்லலக்கா."

"வேற எப்படிச் சொல்ற? எங்க வீட்டு மீன் தலையத் தின்னு வளந்த நாயிடி அது. எம் மவ மாசமா இருக்கா, ஊரெல்லாம் நாய்க்கு நோவுன்னு பேசிக்கறாங்க, நாலு நாளா ஒன் நாய் சுருண்டு கெடக்குது. நான் ஒரு வார்த்த கேட்டனா? மாப்ள மணல் லோரின்னு சொன்னுச்சு, நான் நம்பிட்டுத்தான் இருக்கேன்."

கடைசி வாக்கியத்தை அவள் கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள். பவானேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குள் வந்துவிட்டாள். மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு, ஒரு சொட்டும் விழாமல் புழுங்கியது.

வியாழக்கிழமை காலையில் ஆஸ்திரேலிய அம்மாளின் பதில் இரண்டே வரியில் இருந்தது. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், விஷமாகவும் இருக்கலாம், நான் நாயைப் பார்க்கவில்லை. நாம் இப்படி எழுதிக்கொண்டிருக்கிற நேரத்தில் எதுவானாலும் அது செத்துப்போகும், இன்றைக்கே ஒரு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

அவள் மிஸ்டர் லிம்மிடம் அரை நாள் லீவு கேட்டாள். வீட்டுக்கு வந்து, படுத்திருந்த காளிமுத்துவை எழுப்பினாள்.

"அலோர் காஜா வேணாம். டவுனு பக்கம் தெங்கேராவுல ஒரு சீனத்தி நாய் கிளினிக் வச்சிருக்கா. நம்மள யாருக்கும் அங்க தெரியாது. கெளம்புங்க."

"என்னால முடியல, பவானி."

"நாய் சாகப்போவுதுங்க."

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து முகம் கழுவினான். அனுசியா பள்ளியிலிருந்து வந்தால் பார்த்துக்கொள்ளும்படி குஞ்சம்மாவிடம் எந்த முகத்தோடு கேட்பது என்று பவானேஸ்வரி வாசலில் தயங்கினாள். குஞ்சம்மா வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தே, "போ, போ. புள்ளைய நான் பாத்துக்கறேன்," என்றாள்.

பழைய சாரோங்கில் நாயைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அவள் மோட்டோரில் பின்னால் உட்கார்ந்தாள். அதன் சூடு சேலை வழியாகத் தொடையில் இறங்கியது. கைமாற்றிப் பிடிக்கும்போதெல்லாம் அது ஒரு தடவை முனகியது. பாதி வழியில், ஒரு பெட்ரோல் நிலையத்தைத் தாண்டியதும் மோட்டோர் கோணலாகப் போனது. காளிமுத்து ஓரங்கட்டினான். இறங்கிப் புல்லில் குந்தி வாந்தி எடுத்தான். எடுக்க வயிற்றில் ஒன்றும் இல்லை, வெறும் தண்ணீர்.

அவள் நாயோடு போய்ப் பக்கத்தில் நின்றாள். புறங்கையால் அவன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். மடியில் கிடந்த நாய்க்கு இருந்த அதே சூடு.

"எத்தன நாளா?"

"சனிக்கெழமைலேருந்து. தல வெடிக்குது."

"அஞ்சு நாளா? ஏங்க என்கிட்ட சொல்லல?"

"சொன்னா ஆஸ்பத்திரிக்குப் போம்ப. போனா எங்க வேல செஞ்சம்பான்." வாயைத் துடைத்துக்கொண்டான். "பனடோல் மாத்திர போட்டுட்டுத்தான் இருக்கேன். ஏறு. இன்னும் கொஞ்ச தூரந்தான்."

அவள் ஏறினாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு கையால் நாயையும் ஒரு கையால் அவன் இடுப்பையும் பிடித்துக்கொண்டாள். ரோட்டில் லோரிகள் அவர்களை உரசிக்கொண்டு போயின.

கிளினிக் தெங்கேராவில் ஒரு பழைய கடைவீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தது. டாக்டர் ஐம்பது வயதுச் சீனப் பெண்மணி, மலாயில் பேசினாள். காளிமுத்து உள்ளே வரவில்லை. ஐந்தடி நடைபாதையில் தூணுக்குக் கீழே உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான். டாக்டர் நாயின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தாள். வெள்ளைத் துணி மாதிரி இருந்தது. காதுக்குள், கால் விரல் இடுக்கில், கொத்துக் கொத்தாக உண்ணி.

"இத்தனை நாள் என்ன செய்தாய்?"

"இண்டர்நெட்டில் கேட்டேன்."

டாக்டர் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. காதிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடியில் தடவிக்கொண்டே கேட்டாள்: "உண்ணிக் காய்ச்சல் மாதிரித்தான் தெரிகிறது. ஆனாலும் நான் கேட்டாக வேண்டும். இந்த நாய் பன்றிப் பண்ணைப் பக்கம் போனதா?"

பவானேஸ்வரி இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். புதன்கிழமை அந்த வார்த்தையைச் சுலபமாக அடித்து அனுப்பிவிட்டாள். இங்கே அந்த அம்மாள் கையுறை போட்ட கையை நாயின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே காளிமுத்து தூணில் சாய்ந்தவன், சாய்ந்தபடியே மெல்லத் தரையில் சரிந்தான்.

"போனது," என்றாள். "அவரும் போனார்."

டாக்டர் கதவு வழியாக வெளியே பார்த்தாள். கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். சோப்பு போட்டு நிதானமாகக் கை கழுவினாள். கழுவும்போதே சொன்னாள்:

"நாயை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ அவரை அல்லவா முதலில் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும்?"

டாக்டரே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். ஆம்புலன்ஸ் வந்தது. முகமூடி போட்ட இரண்டு பேர் காளிமுத்துவைத் தூக்கினார்கள். அவன் பவானேஸ்வரியைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. "சொல்லிட்டியா?" என்று மட்டும் கேட்டான்.

மறுநாளே லயத்துக்குச் சுகாதார இலாகாவின் வெள்ளை வேன் வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் பேர் எழுதினார்கள். கையில் ரத்தம் எடுத்தார்கள். குஞ்சம்மாவின் மகள் ஏழு மாத வயிற்றோடு கையை நீட்டிக்கொண்டு அழுதாள். பழைய லோரி எது, கடைசியாகப் போன தேதி எது என்று அதிகாரி கேட்டதற்கு, நாலு வீட்டுச் சனமும் சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருக்க, பவானேஸ்வரி ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒருவரும் குறுக்கே பேசவில்லை. வேன் போன பிறகும் பேசவில்லை.

எட்டு நாள் அவள் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தாள். ஆபிசில் லிம் அவளைக் கொஞ்ச நாள் வர வேண்டாம் என்றார். வார்டில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கையைக் காட்டிவிட்டு வருவாள். திரும்பி வந்தால் அனுசியா குஞ்சம்மா வீட்டில் தலை சீவி, பவுடர் போட்டு, சோறு தின்று உட்கார்ந்திருப்பாள். குஞ்சம்மா பவானேஸ்வரியோடு முகம் கொடுத்துப் பேசாமல் தட்டில் சோற்றைப் போட்டு நீட்டுவாள். அவள் வாங்கிக்கொள்வாள்.

ஒன்பதாம் நாள் காளிமுத்துவின் ரத்தச் சோதனை வந்தது. அந்த நோய் இல்லை, டெங்கி. இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டான் என்றார் டாக்டர். லயத்தில் மற்றவர்களுக்கும் ஒன்றும் இல்லை. பவானேஸ்வரி வாசலில் நின்று சொன்னதும் குஞ்சம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தெய்வமே," என்றாள். பிறகு பக்கத்தில் வந்தாள். "பவானி, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. மாப்ள வரட்டும். கஞ்சி வச்சிக் குடுக்க நான் இருக்கேன். நாய் வரக் கூடாது."

"அதுக்கும் அந்த நோய் இல்லக்கா. உண்ணிக் காய்ச்சல்தான். எழுந்து நிக்குதாம். டாக்டர் போன்ல சொன்னாங்க."

"சொல்லட்டும். எம் மவ அந்த நாயப் பாத்தா ராத்திரி தூங்க மாட்டா. நீ பொய் சொன்ன, மாப்ள பொய் சொன்னுச்சு. இப்ப நீ நெசத்தையே சொன்னாலும் எங்களுக்கு எப்படிடி தெரியும்? மூணு வீட்டுலயும் பேசிட்டாங்க. நாய் வந்தா எல்லாரும் சேந்து மானேஜர்கிட்ட போறதுன்னு. நான்தான் வேணாம், நான் பேசறேன்னு தடுத்து வச்சிருக்கேன்."

தடுத்து வைத்திருப்பதும் உண்மை, போய்விடுவார்கள் என்பதும் உண்மை. பவானேஸ்வரிக்கு இரண்டும் தெரிந்தது. இத்தனை நாளும் தன் பிள்ளைக்குச் சோறு போட்ட கைக்கு எதிராகப் பேச அவளிடம் வாய் இல்லை.

தெங்கேராவுக்கு பஸ் ஏறிப் போனாள். கிச்சாப் மெலிந்து, விலா எலும்பு தெரிய, சங்கிலியை இழுத்துக்கொண்டு அவள் மேல் பாய்ந்தது. வால் ஆடிய ஆட்டத்தில் பின்பாதி உடம்பே ஆடியது. ஈறு சிவந்திருந்தது. அவள் விஷயத்தைச் சொன்னதும் சீன டாக்டர் மேசைமேல் இருந்த நோட்டைப் புரட்டினாள். புக்கிட் காத்தில் என்ற ஊரில் வேலி போட்ட வீட்டில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் நாய் கேட்டிருந்தார். நாயை அவருக்கு ஒப்படைப்பதாக எழுதிக் கொடுக்க டாக்டர் ஒரு தாளை எடுத்து நீட்டினாள். பவானேஸ்வரி இந்தத் தடவை முழுப் பேரையும் ஐசி நம்பரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கதவைத் திறந்து வெளியே வந்தபோது கிச்சாப் தன்னையும் கூட்டிப் போவாள் என்று நினைத்து எழுந்து நின்றது. அவள் திரும்பிப் பார்க்காமல் பஸ் நிலையம் வரை நடந்தாள்.

இரண்டு நாள் கழித்துக் காளிமுத்து வீடு வந்தான். படியேற இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. உள்ளே வந்து உட்கார்ந்ததும் பின்வாசல் பக்கம் பார்த்தான்.

"எங்க?"

தெங்கேராவிலிருந்து பஸ்ஸில் வரும்போதே அவள் யோசித்து வைத்திருந்தாள். உயிரோடு ஒரு வீட்டில் இருக்கிறது என்று தெரிந்தால், நடக்கத் தெம்பு வந்த அன்றைக்கே மோட்டோரை எடுத்துக்கொண்டு போய்க் கூட்டிவந்துவிடுவான். அவனை யாராலும் தடுக்க முடியாது.

"செத்துப்போச்சுங்க," என்றாள். "நீங்க அட்மிட் ஆன மறுநாளே."

அவன் அழவில்லை. முழங்காலில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்து வீட்டிலிருந்து கஞ்சிக்கு வெங்காயம் தாளிக்கிற வாசனை வந்தது. பின்வாசலையே பார்த்துக்கொண்டு கேட்டான்:

"எங்க பொதச்சாங்க?"

"டாக்டர்... அவங்களே பாத்துக்கிட்டாங்க. கிளினிக் பின்னாடி எங்கயோ."

"நீ பாக்கலியா?"

"நான் ஆஸ்பத்திரியில இருந்தேன்ல."

அவன் தலையாட்டினான். அவள் சொன்னது நியாயம்தான் என்பது போல. அனுசியா பள்ளிப் பையோடு வாசலில் வந்து நின்று, அப்பாவைப் பார்த்ததும் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவன் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே பவானேஸ்வரியிடம் சொன்னான்:

"ஒரு வாரம் போவட்டும். எனக்குக் கொஞ்சம் தெம்பு வரட்டும். மூணு பேருமா போயி, அந்த டாக்டரம்மாவக் கேட்டு, எந்த எடம்னு பாத்து ஒரு மால போட்டுட்டு வந்துருவம். சனிக்கெழம ஒனக்கு அரை நாள்தான?"

"ஆமாங்க," என்றாள் பவானேஸ்வரி. "சனிக்கெழம அரை நாள்தான்."